சிவப்புத் தொப்பி என்று எழுதியவன்

மேடையில் வீற்றிருக்கும் இதழாசிரியர் அவர்களே, பந்தய நடுவர்களே, பருந்தாரின் துணைவியார் எங்கள் அண்ணி அவர்களே, பயிற்சியாளர்களே, ஜாக்கிகளே, லாயத்து நண்பர்களே, குறிப்பு படித்தே குதிரையை அறிந்த வாசகர்களே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய ஆசிரியர், "கடைசிக் காலத்தில் பார்வை கைவிட்டபோதும் கடமையைக் கைவிடாதவர் நம் பருந்தார்" என்றார். நீங்களும் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் பருந்தார்? நம் பந்தய இதழின் தலைமைக் குறிப்பாளர். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டத்துக்கு நேராகவும் நாலு வார்த்தை இருக்குமே, "தொடக்கத்தில் முட்டுப்பட்டது", "வெளிவட்டத்தில் சுற்றியது" என்று, அந்த நாலு வார்த்தைக்குச் சொந்தக்காரர். அந்த நாலு வார்த்தையை எப்படிப் படிப்பது என்று நமக்குச் சொன்னதும் அவர்தானே? முடிதிருத்தும் நண்பர் ஒருவர் ஒருமுறை அவரிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "ஆறாவதா வந்த குதிரையைப் போய் நல்ல குதிரைங்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எத்தனாவதா வந்துச்சுன்னு பாக்காதீங்க, எப்படி வந்துச்சுன்னு பாருங்க. முன்னால ரெண்டு குதிரை கதவைச் சாத்தின மாதிரி ஓடுது. இது பாவம், எந்தப் பக்கம் போகும்?"

வார்த்தையில் அவர் காட்டிய கண்டிப்பு யாருக்கு வரும்? என்னிடம் அடிக்கடி சொல்வார்: "'அடைபட்டது'ன்னா குதிரைக்கு வழி இல்ல. 'முயலவில்லை'ன்னா மேல உட்கார்ந்தவன் ஏமாத்திட்டான். ரெண்டாவது வார்த்தை ஒருத்தன் சோத்துல கை வைக்கும். பாத்து எழுது."

எங்கள் வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கக் கூடாது. அவர் சொல்வார், நான் எழுதுவேன். சொன்னதை அந்த நொடியே மறந்துவிடுவார். இல்லாவிட்டால் அடுத்த பந்தயம் மனதில் குழம்பிவிடும். நினைவெல்லாம் என் நோட்டில்தான். பத்தொன்பது வருடம் மைதானத்தின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தேன், ஒரு பந்தயமும் பார்த்ததில்லை. இதை வெளியே சொல்லாதே, மானம் போகும் என்பாள் என் மனைவி.

போன பருவத்தில் அந்த மழை நாள். ஒரே லாயத்துக் குதிரைகள் இரண்டு, ஜாக்கிகளுக்கு ஒரே நிறச் சட்டை. ஒருவருக்குச் சிவப்புத் தொப்பி, ஒருவருக்கு வெள்ளை. கடைசி வளைவில் கூட்டம் மொத்தமும் எழுந்து கத்தியது. எனக்கு மனசு கேட்கவில்லை. தலையைத் தூக்கினேன். பார்த்தது என்ன? சேறும் நாலு வாலும். குனிந்தபோது, "தொப்பி... வழி இருக்கு... ஓட்டல" என்பது மட்டும் காதில் நின்றது. எந்தத் தொப்பி? "அண்ணே, எது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிவப்பு என்று எழுதினேன். மறுநாள் "வழி இருந்தும் முயலவில்லை" என்று அச்சாகி வந்தது.

மூன்றாம் வரிசையில் இருக்கும் ஜாக்கித் தம்பி, அந்தச் சிவப்புத் தொப்பி நீங்கள்தான். ஆறு வாரம் உங்களைக் குதிரை ஏற விடவில்லை. பிறகு ஒரு பயிற்சியாளர் தன் கைப்பேசியில் எடுத்த காணொளிப் படத்தை நடுவர்களின் விசாரணை அறைக்குக் கொண்டுவந்தார். ஓட்டாமல் வந்தது வெள்ளைத் தொப்பி. உங்கள் குதிரையோ நாலு குதிரைக்கு நடுவே அடைபட்டுக் கிடந்தது. எல்லோரும் குதிரைகளைப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் மூலையில் எங்கள் கூண்டும் இருந்தது. பைனாகுலரோடு ஒருவர். பக்கத்தில் நிமிர்ந்த தலையோடு இன்னொருவன். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நடுவர்களிடம் திரும்பி, "என் கண்ணு ஏமாத்திடுச்சுங்க" என்றார்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை? பயம், வேறென்ன? பைனாகுலரை வாங்கிக்கொண்டு அவரைப் பிழைதிருத்தும் மேசையில் உட்கார வைத்தார்கள். குருட்டுப் பருந்து என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நாலே மாதம், போய்விட்டார்.

இன்று காலை அண்ணியின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. "தெரியும்பா. அன்னிக்கே வந்து சொன்னாரு. 'பத்தொன்பது வருஷமா குனிஞ்சே கிடந்தான், ஒரு தடவை பாத்துட்டான், விடு'ன்னாரு" என்றார். அண்ணே, நாலு அறை விட்டிருக்கலாமே. விடுன்னு சொல்லிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது.

நண்பர்களே, சனிக்கிழமை மூன்றாம் பந்தயத்தில், சிவப்புத் தொப்பித் தம்பி அன்று ஏறிய அந்தப் பெண் குதிரை மறுபடி ஓடுகிறது. அந்த மழை நாளுக்கு நேராக "பார்த்தவர் பிழை, குறிப்பு நீக்கம்" என்றுதான் இன்றும் இருக்கிறது. அது ஓடும்போதெல்லாம் அச்சாகும். அவர் செத்த பிறகும் அச்சாகும். விடலாமா? இந்த வாரம் இப்படி வர வேண்டும்: "வழியின்றி அடைபட்டது. பார்த்தவர் சரியாகச் சொன்னார். எழுதியவர் தவறாக எழுதினார்." எழுதியவர் யார் என்று என் பெயரையும் போடுங்கள்.

பருந்தாரின் இடத்துக்கு வந்திருக்கும் அம்மையாருக்கு இந்தச் சபை முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் சொன்னதை மட்டும் எழுதுவேன். காதில் விழாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுவேன். கூண்டில் எனக்கு இனி இடம் உண்டா என்பதை நடுவர்கள் சொல்லட்டும். நடுவர் ஐயா, இதுதான் அந்த நோட்டு. முப்பத்தோராம் பக்கம். வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீங்கள் தவறான ஆளை விசாரித்துவிட்டீர்கள்.