சீசருக்கு வெறி இருந்ததா

உங்கள் பேனா நன்றாக எழுதுகிறது, போதகர் ஐயா. பஸ்ஸில் டிக்கெட் எழுதித் தேய்ந்த பென்சில் துண்டைப் பிடித்தே பழகிய கை எனக்கு. மைப்பேனா கிடைத்ததும் கொஞ்சம் ஆசையாக இருக்கிறது. ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடுவதற்குள் மதுரைக்குத் தந்தி கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போயிருக்கிறீர்கள். மணி இப்போது மூன்றரைதான். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அந்த ஒரு வார்த்தை விளங்கும். காற்றில் காகிதம் பறப்பதால் கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

தாவீதுராஜ் இன்று காலை எழுதி, ரயிலில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பிய கார்டு எனக்கு முன்னால் இருக்கிறது. அவன் அக்கா ஞானப்பூவுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி நாய்க்கடி ஊசி போடுகிறார்கள். பதினான்கில் ஒன்பது முடிந்தது. ஒன்பதாவதோடு காய்ச்சல் கண்டு, இரண்டு காலும் மரத்துக் கிடக்கிறாளாம். சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாதாம். நாய்க்கு வெறி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம், தெரியாவிட்டால் நாளைக் காலையில் பத்தாவதைப் போட்டே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். நாய் என்னுடையது. அதனால் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து, காணிக்கைப் பை வரும்போது மட்டும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கிற சுவாமிதாஸ். அருப்புக்கோட்டைக்கும் விருதுபட்டிக்கும் ஓடுகிற கரி பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போனதிலிருந்து, முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ் அது. ஒரு நாளைக்கு நூறு பேரை ஏற்றி இறக்குகிறேன். இறங்குகிறவர் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. குமாரலிங்கபுரத்தைவிட்டு நான் வேலைக்குப் புறப்பட்ட அன்று என் அம்மா கடைசியாகச் சொன்னது, ஆட்டுப்பட்டிப் படலைச் சாத்திவிட்டுப் போ என்பதுதான். பிறகு இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் பெண் என்னையும் பார்த்துவிட்டது.

பாலவனத்தத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ராமசுப்புவின் நாய் குட்டி போட்டபோது ஒன்றைக் கேட்டு வாங்கினேன். உள்ளங்கையில் அடங்குகிற உருப்படிக்கு சீசர் என்று பேர் வைத்தேன். முதல் நாள் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பியபோது உள்ளே அழ ஆரம்பித்தது. ரோட்டு முனைவரை கேட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அன்று முழுவதும் நான் சிரித்த முகமாகவே டிக்கெட் கொடுத்ததாக டிரைவர் இருளப்பசாமி அண்ணன் சொன்னார். பாவப்படுகிறவன் எதற்குச் சிரிக்கிறான் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் வீடு விருதுபட்டி ரோட்டின் மேலேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். போக வர, பஸ் ஒரு நாளைக்கு நான்கு தடவை அதைக் கடக்கும். வீட்டுக்கு நேரே வரும்போது விசிலை ஒரு ஊது ஊதுவேன். நான் வந்துவிட்டேன் என்று நினைத்து சீசர் கதவில் வந்து மோதும். பஸ் தாண்டியதும் அழும். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

"ஏ கண்டக்டரே, ஒங்க ஆளு கூப்புடுதுல்ல" என்பார்கள். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் இல்லாவிட்டால் ஒரு வாய் தொடாது என்று சொல்லிவைப்பேன். உண்மையில் நான் பூட்டைத் திருகி முடிப்பதற்குள் அது கஞ்சிச் சட்டியை நக்கி முடித்திருக்கும்.

"குட்டியக் கொண்டாந்து பஸ் செட்டுல கட்டிப்போடுப்பா. கரி மூட்டைக்கும் காவலா இருக்கும், அதுக்கும் ஆள் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்" என்று இருளப்பசாமி அண்ணன் இரண்டு மூன்று தடவை சொன்னார். கரித்தூசி அதற்கு ஆகாது என்றேன். அதன் உடல்நலத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை.

பக்கத்து வீட்டு ஞானப்பூவுக்கு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் நெசவுக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே நூல் சுற்றிக் கொடுக்கிறவள். ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, ரோட்டிலிருந்து தெரியாத என் சந்துப் பக்க ஜன்னலுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். நூல் சுற்றியபடியே அதோடு பேசுவாள், கம்பிக்குள் கையைவிட்டுத் தலையைத் தடவுவாள். இரண்டு வாரத்தில் சீசர் பகலெல்லாம் தூங்கப் பழகிவிட்டது. இது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் வழக்கம்போல விசில் ஊதினேன். சத்தமில்லை. மறுபடி ஊதினேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு குரைப்பு வந்தது. தெரிந்தவர் யாரோ ரோட்டில் போகிறார் என்கிற அளவுக்கு.

"என்ன கண்டக்டரே, இன்னிக்கி ஒங்க ஆளு லீவா?" என்றது பின்சீட்டு. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, ஐயா. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நன்றாகவே வலித்தது.

சாயங்காலம் ஞானப்பூ சந்தோஷமாக வந்து சொன்னாள். "அண்ணே, இப்ப அழுகுறதே இல்ல. நீங்க நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வாங்க." நல்ல மனுஷி. அவளை வெறுத்த அளவுக்கு நான் யாரையும் வெறுத்ததில்லை.

மறுநாள் காலை ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். பஞ்சுச் செட்டுப் பக்கம் ஒரு வெறிநாய் சீசரைக் கடித்துவிட்டது, கிட்டே போகாதே தங்கச்சி என்று அவளிடம் சொன்னேன். பத்து நாள் கழித்து, ஒன்றுமில்லை, பிழைத்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். கண்டக்டருக்கு அடுத்த ஸ்டாப்புக்கு மேல் யோசித்துப் பழக்கமில்லை.

பலன் உடனே தெரிந்தது. இருட்டு வீட்டில் சீசர் முன்னைவிட நன்றாக அழுதது. விசில் கேட்கும்போதெல்லாம் கதவைப் பிறாண்டியது, நிலையைக் கடித்தது. மூன்று நாளில் வாய் நுரைத்து, குரல் கம்மிவிட்டது. நானோ வெறி என்று சொல்லிவைத்திருக்கிறேன். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அப்போதுதான் ஞானப்பூவுக்கு, தடவும்போது விரலில் பால்பல் கீறியது ஞாபகம் வந்திருக்கிறது.

நான்காம் நாள் மத்தியான டிரிப்பில், என் வீட்டுக்கு முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். எங்கள் தெருக்காரர் சங்கையாவும் இன்னும் நான்கு பேரும், கையில் கம்புகளோடு.

"சாவியக் குடுங்க, கண்டக்டரே" என்றார் சங்கையா. "ஞானப்பூ கையில பல்லு பட்டிருக்காம். புள்ளைக நடமாடுற எடம், விட்டு வைக்க முடியாது."

சாவி என் இடுப்பில் இருந்தது. நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். ஆனால் பஸ் நிறைய ஆட்கள், ஐயா, அதில் பாதிப்பேர் அன்று சிரித்தவர்கள். சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"ஒன் குட்டிப்பா அது" என்றார் இருளப்பசாமி அண்ணன். "எறங்கிப் போயி ஒரு தடவ பாத்துட்டு வா. பஸ்ஸு நிக்கட்டும்."

நேரமாகிறது என்றேன். இரண்டு வருஷத்தில் அந்தக் கரி பஸ் ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. விசிலை ஊதி, ரைட் என்றேன். அவர்கள் கதவைத் திறந்ததும் அதே சமயத்தில்தான். சீசர் யாரையும் கடிக்கவில்லை. கம்புகளுக்கு நடுவே புகுந்து, விசில் சத்தம் வந்த பக்கம் ரோட்டைப் பார்த்து ஓடி வந்தது. பாதி வழிதான் வந்தது. கரி பஸ் வேகம் எடுக்க நேரமாகும், அதனால் எல்லோருக்கும் கேட்டது. அது கூப்பிட்டது என்னைத்தான் என்பதில் அன்று பஸ்ஸில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

மதுரை ரயிலைப் பிடிக்க ஞானப்பூவும் தாவீதுராஜும் விருதுபட்டிக்குப் போனது அன்று சாயங்காலம் எங்கள் பஸ்ஸில்தான். டிக்கெட்டை நான்தான் கிழித்துக் கொடுத்தேன். அவள் பயத்தில் வெளிறிப்போயிருந்தாள். இருந்தும் எனக்கு ஆறுதல் சொன்னாள். "வருத்தப்படாதீங்கண்ணே. கடைசி வரைக்கும் ஒங்களத் தேடித்தான் கத்துச்சு." அதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் அந்த வார்த்தையை அவள் திரும்ப வாங்கிக்கொள்வாளே என்று இருந்தது. ஒன்பது நாளாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே அவளுக்கு ஒன்பது ஊசி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இல்லை. சீசருக்கு வெறி இல்லை. எந்த நாயும் அதைக் கடிக்கவில்லை. தனியாக விட்டதற்கு அழுத குட்டி, அவ்வளவுதான். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம்.

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். தந்தி ஆபீசுக்குக் கால் மணி நடை. அரைமணியாக நீங்கள் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடப்பது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கதவைத் தட்டி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். இதற்கு முன் எனக்காக யாரும் கதவைத் தட்டி நான் கேட்டதில்லை, ஐயா. இதோ திறக்கிறேன், இன்னும் ஒரு வரி இருக்கிறது.