எண் என்று ஒரு சொல்

எங்கள் அறைக்கு வருகிற யாரையும் நான் நிற்க வைத்துப் பேசியதில்லை. முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவேன். அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்பேன். விசாரணையில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

இதய அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலைத் தயாரிப்பது என் வேலை. காத்திருந்த நாட்களை நோயின் கடுமையால் பெருக்கினால் வருவது மதிப்பெண். அதிக மதிப்பெண்காரர் முதலில். வாரத்துக்கு ஒருவருக்குத்தான் அறுவை சிகிச்சை. இதைக் கணக்கிட்டு, அடுக்கி, சுவரில் ஒட்டும் தாளாக மாற்றுகிற ஸ்டைல்ஷீட் என்ற கணினிக் கட்டளைக் கோப்பை எழுதியவன் நான்.

அது முதன்முதலாக ஓடிய திங்கட்கிழமை, என் அண்ணன் பெயர் உச்சியில் இருந்தது. தொண்ணூற்றாறு மதிப்பெண். அவருக்குக் கீழே ஒரு தையல்காரர், தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. அடுக்கும் வரியில் 'எண்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கணினி மதிப்பெண்ணையும் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். அகராதி எழுத்தெழுத்தாகப் பார்ப்பதுபோல் இலக்கம் இலக்கமாகப் பார்க்கும். ஒன்பதுக்கு ஒன்பது சரி. அடுத்தது ஆறா ஐந்தா, ஆறுதான் பெரிது. அவ்வளவுதான் அதன் அறிவு.

திருத்தக் கை வைத்தபோது அண்ணி போனில் வந்தார். "உங்க அண்ணன் பேரு முதல்ல இருக்காமே தம்பி. கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு."

"ஆமா அண்ணி," என்றேன்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். நான் எதையும் மாற்றவில்லை. மாற்றாமல் விட்டேன். அண்ணன் பிழைத்தார். அன்று வெகுநேரம் பிரார்த்தனை செய்தேன்.

அடுத்த வாரம் தையல்காரருக்கு ஆயிரத்தெட்டு. ஆயிரத்தைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஆயிரம் ஒன்றில் தொடங்குகிறது, அதனால் அடிக்குப் போய்விட்டார். மூச்சு வாங்க மாடியேறி வந்தார். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினேன்.

"போன வாரம் ரெண்டாவதா இருந்தேன் சார். இப்ப கடைசி. நான் ஏதும் குணமாயிட்டேனா?" என்று சிரித்தார். "நாங்க அளவெடுத்தா அரை இன்ச்சு அப்படி இப்படி ஆகும். கம்ப்யூட்டர் தப்பா எடுக்காதுல்ல?"

"எடுக்காதுண்ணே," என்றேன்.

அப்போது திருத்தியிருந்தால் ஒரே நாளில் அடியிலிருந்து உச்சிக்குப் போயிருப்பார். ஏன் என்று கேட்டிருப்பார்கள். முந்தின வாரத் தாளையும் எடுத்துப் பார்த்திருப்பார்கள். அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பது? இன்னொரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். ஆயிரத்து அறுபத்து நான்கு. மறுபடியும் வந்தார், மறுபடியும் நாற்காலி போட்டேன். ஆயிரத்து நூற்றிருபது ஆன அன்று அவர் வரவில்லை. அவருடைய மனைவி வந்தார்.

"நேத்து போயிட்டாரு. உங்களத்தான் சொல்லிட்டே இருந்தாரு சார். இந்தக் கட்டடத்துல உக்காருங்கன்னு சொன்ன ஒரே மனுசன் நீங்கதானாம்."

"உக்காருங்கம்மா," என்றேன்.

அவர் போன பிறகு அந்த வரியைத் திறந்து 'எண்' என்று சேர்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை ஐயா.