சுவருக்கு ஏற்ற ஒப்பந்தம்

எனக்குக் கோணலான சுவரைப் பார்த்தால் தலை வலிக்கும், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தபோது, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு காலித் திடல் இருந்தது. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும்படி ஜப்பானிய அதிகாரி உத்தரவிட்டார். உள்ளே எதுவும் இல்லை, எதுவும் வரப்போவதும் இல்லை. ஏன் என்று கேட்பது கட்டட இலாகாவில் கணக்கெழுதும் கிராணியான என் வேலை அல்ல. எந்த வகை ஒப்பந்தம் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை.

முதலில் நாள் கூலியாகப் போட்டேன். வேலை நடக்கும்வரை ஆளுக்குத் தினமும் அரிசி. மேஸ்திரி சேதுபதியும் அவருடைய நாற்பது ஆட்களும் காலையில் கட்டினார்கள், மாலையில் சரியில்லை என்று இடித்தார்கள். ஆறு மாதமாகியும் சுவர் முழங்காலைத் தாண்டவில்லை, அதுவும் கோணல்.

"என்ன மேஸ்திரி, இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டேன்.

"என்ன அவசரம் கிராணி ஐயா? உள்ளேருந்து ஓடிப்போக ஒண்ணுமில்லையே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சுவரு முடிஞ்சா நாங்க சும்மா நிப்போம். சும்மா நிக்கிறவன சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சிட்டுப் போறான். போனவன் ஒருத்தனும் திரும்பல. கொஞ்சம் கோணலாவே இருந்துட்டுப் போகட்டுங்க."

அவர் சொன்னது புரிந்தது. ஆனால் குறை ஒப்பந்தத்தில் இருந்தது. அதைத் திருத்துவது என் கடமை. நாள் கூலியை ரத்து செய்து மொத்த ஒப்பந்தமாக மாற்றினேன். முழுச் சுவருக்கும் இவ்வளவு அரிசி, முடித்த அன்றுதான் கிடைக்கும். சேதுபதி சில நாள் பொறுத்துப் பார்த்தார். வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்ததும் கொத்துக் கரண்டியை எடுத்தார்.

மொத்த ஒப்பந்தத்தின் அழகு அதுதான். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. மூன்றே வாரத்தில் சுவர் எழுந்தது. அவசரத்தில் வாசல் வைக்க மறந்துவிட்டார்கள். உள்ளே போக யாருக்கும் காரணம் இல்லாததால் நானும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன், இம்மியும் பிசகவில்லை. அரிசியை நானே அளந்து கொடுத்தேன். மறுநாள் மேஸ்திரி உட்பட எல்லோரையும் சயாமுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாத வேலைதான், முடிந்ததும் திரும்பிவிடுவார்கள் என்று அதிகாரி சொன்னார். நான் மனதார நம்பினேன். இதை நீங்கள் உங்கள் விசாரணை அறிக்கையில் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர்களை ரயிலடிக்கு ஏற்றிச் செல்லும் ஒப்பந்தமும் என் மேசைக்குத்தான் வந்தது. லாரிக்காரர் முகம்மது யூசுப், கொண்டுபோய் விட ஒரு விலை, மூன்று மாதம் கழித்து அழைத்து வர ஒரு விலை என்று கேட்டிருந்தார். முதலாவதை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவதை அடித்துவிட்டேன். நடக்கப்போகாத வேலைக்கு ஒப்பந்தம் போடும் பழக்கம் எனக்கு இல்லை.