இரண்டு மடிப்புத் துண்டு

எங்கள் வரிசையில், பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை யாரும் கேட்பதில்லை. இப்படியொரு விதியை எவரும் எழுதி ஒட்டவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஐயா. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அதுவும் காற்றோட்டத்துக்காகக் கூரைக்கு இரண்டு முழம் கீழேயே நின்றுவிடும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் மரியாதையோடு இருக்க வேண்டுமென்றால், காதில் விழுந்ததை விழாததாக வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். நாங்கள் பழகியிருந்தோம்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மாவை அவள் கணவன் தம்புசாமி அடித்த நாட்கள் உண்டு. மறுநாள் குழாயடியில் அவளுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்தபடியே, "மழை வரும்போல இருக்கே" என்பேன். "ஆமா டீச்சரம்மா, துணி காயாது" என்பாள். ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மகதலேனா. வயது முப்பத்தேழு. கோயில் பள்ளியில் சிறுமிகளுக்குத் தமிழும் ஞானோபதேசமும் கற்பிக்கிறேன். மணமாகவில்லை. இறந்துபோன இக்னேஷியஸ் என் தம்பி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு பரவிய காய்ச்சலில் எங்கள் பெற்றோர் ஒரே வாரத்தில் போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் பையனை யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். நான் விடவில்லை. அதை ஒரு தியாகமாக நான் ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. அவனுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவன் ரயில்வேயில் ஃபயர்மேன். நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை, மண்வாரியைத் தூக்கியவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். ரயில்வே மருந்தகத்து டிரெசர் பழனியப்பன் வந்து பார்த்தார்.

"எலும்புல ஒண்ணுமில்ல, டீச்சர். தசைப் பிடிப்பு. ஐஸ் ஒத்தடம் கொடுங்க, பத்து நாள்ல ஓடுவான். ஆனா ஐஸ நேரா தோல் மேல வச்சுடாதீங்க. துண்ட ரெண்டு மடிப்பா மடிச்சுப் போட்டு, அதுக்கு மேல வைங்க. கடிகாரத்தப் பாத்து இருவது நிமிசம். அப்புறம் எடுத்துட்டு ரெண்டு மணி நேரம் சும்மா விட்டுடணும்."

தூங்குவதற்கு ஒரு மருந்தும் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே அவருக்குத் திருப்பி ஒப்பித்தேன். "பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்கன்னா இதான்" என்று சிரித்தார். ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் நான் முழுநேரமும் வீட்டில் இருந்தேன். ஐஸ் வண்டிக்காரர் அய்யாவு, காலை பத்து மணிக்கு மரத்தூள் ஒட்டிய கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து போடுவார். நான் அதைக் கழுவி, உடைத்து, துணிப்பையில் கட்டி, இரண்டு மடிப்புத் துண்டின்மேல் வைப்பேன். இருபது நிமிடம், ஒரு நிமிடம் கூடுதல் இல்லை. அந்த மூன்று நாட்களைப் பற்றி நான் இன்னும் நிறையச் சொல்ல முடியும். அவன் தலையணையில் கன்னத்தை வைத்தபடி பேசிக்கொண்டே இருந்தான். "சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இப்பிடித்தான் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்கக்கா" என்றான். அவன் வேலைக்குப் போகத் தொடங்கிய பின் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

நான்காம் நாள் வியாழக்கிழமை. நான் சமையலறையில் இருந்தபோது அவன் எழுந்து, யாரையும் பிடிக்காமல், நேராக நடந்து வந்து வாசற்படியில் நின்றான்.

"பாருங்கக்கா, தேக்கு மரம் மாதிரி நிக்கிறேன்."

"மெதுவா. டிரெசர் பத்து நாள்னாரு."

"பத்து நாளெல்லாம் முடியாதுக்கா. ஞாயித்துக்கிழமை கிள்ளான் கோயில்ல மொத ஓல வாசிக்கிறாங்க. மாப்பிள்ளையே இல்லாட்டி உர்சுலா கோவிச்சுக்குவா."

உர்சுலா கிள்ளான் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள். நல்ல பெண். திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறுகள் கோயிலில் ஓலையாக வாசிப்பது எங்கள் வழக்கம். மூன்று ஓலைக்குப் பின் திருமணம். நிச்சயமானது எனக்குத் தெரியும். ஓலைக்கு நாள் குறித்தது தெரியாது. கிள்ளானுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்ததும் தெரியாது. அதை அவன் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான். "மாசம் ஒரு தடவ வந்து பாக்குறேன்கா" என்றான். வீடு அவன் பெயரில் இருந்தது என்பதையும், அவன் போனால் நானும் காலி செய்ய வேண்டும் என்பதையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அது ஒரு காரணமல்ல. நான் அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். பாயசம் வைத்தேன்.

அன்று பிற்பகல் அவன் மருந்து குடித்துத் தூங்கிப்போனான். இருபது நிமிடம் ஆனபோது அவன் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிறவனை அசைப்பானேன் என்று தோன்றியது. ஐம்பது நிமிடம் கழித்து எடுத்தேன். முதுகு சிவந்திருந்தது. மறுநாள் துண்டு நனைந்துவிட்டது. நனைந்த துண்டு உடம்புக்கு ஆகாது என்று எடுத்துவிட்டேன். காய்ந்த துண்டுகள் கொடியில் இருந்தன. கட்டி நழுவாமல் இருக்க என் பழைய சேலையைக் கிழித்து, அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். மாலையில் அவிழ்த்தபோது, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது. விரலால் அழுத்தினேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். "தொட்டீங்களா?" என்று கேட்டான். வலியைப் போக்கத்தானே எல்லாம்.

சனிக்கிழமை அந்த இடம் கொப்பளித்தது. ஞாயிற்றுக்கிழமை அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. முதல் ஓலை அவன் இல்லாமலே வாசிக்கப்பட்டது. அன்று அவன் அழுதான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். நீண்ட நாட்களுக்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கோயில் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் நான்தான் ஐஸ்கிரீம் வாளியைக் கவனிப்பேன். வெறும் ஐஸில் பால் உறையாது. கல்லுப்பை அள்ளிப் போட்டால்தான் குளிர் இறங்கும்; வாளியின் தகரத்தைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். அது எனக்குப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். திங்கட்கிழமை முதல் ஐஸோடு கல்லுப்புச் சேர்த்தேன். ஆம், தோலின்மேல் நேராக. ஆம், ஒவ்வொரு பிற்பகலும்.

அய்யாவுக்கு வியப்பாக இருந்தது. "என்ன டீச்சரம்மா, ரெண்டு கட்டி கேக்குறீங்க? தம்பிக்கு இடுப்பு வலியா, இல்ல வீட்டுல மீன் கடை வச்சிட்டீங்களா?" என்றார். நானும் சிரித்தேன். டிரெசர் வாசலோடு வந்து கேட்டார். தூங்குகிறான், நன்றாக இருக்கிறான் என்றேன். "தூங்கட்டும், தூங்கட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் தூக்கம் ஏது?" என்று சொல்லி இன்னொரு புட்டி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்படும்படியான பெண் நானில்லை.

வள்ளியம்மா மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமை வாசலுக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, தம்பிக்குத் தவுட்ட வறுத்துச் சூடா ஒத்தடம் கட்டித் தரட்டா? ஐஸ் போதும்ல?"

"டிரெசர் ஐஸ்தான் சொல்லியிருக்காரு, வள்ளியம்மா."

"அவரு இருவது நிமிசம்னுதானே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். டிரெசர் என்னிடம் பேசியது பலகையைத் தாண்டித்தான் அவளுக்குப் போயிருக்க வேண்டும். தான் எல்லையில் கால் வைத்துவிட்டது அவளுக்கே புரிந்தது. "வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றாள். "ஆமாம்" என்றேன். போய்விட்டாள். அதற்குப் பிறகு என் தம்பி முனகும்போதெல்லாம் அவள் வீட்டில் ஒரு பாத்திரம் விழும். நான் அதைக் கேட்கவில்லை.

இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. அதற்குள் அந்த இடம் கறுத்துவிட்டது. ஒரு வாடை வந்தது, சாம்பிராணி போட்டேன். புண்ணின் ஓரங்களில் மட்டும் அவனுக்கு உணர்ச்சி இருந்தது. அங்கே குளிர் பட்டால் துடிப்பான். காய்ச்சல் ஏறியது. டிரெசரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், ஆஸ்பத்திரியில் உர்சுலா வந்து பக்கத்தில் உட்காருவாள், தேறியதும் கிள்ளானுக்குப் போவான். அதை யோசித்துப் பார்த்தேன். ஐஸை வைத்தேன். மூன்றாம் ஓலைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலை, அவன் இறந்தான்.

என் தம்பியின் மரணத்துக்கு நானே காரணம். இதைச் சுற்றி வளைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுத வேண்டும். அவன் சாக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போகவில்லை என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால், அந்தக் கணமே கட்டை அவிழ்த்து, ஐஸைச் சாக்கடையில் கொட்டியிருப்பேன். அதற்காகத்தான் ஒவ்வொரு பிற்பகலும் முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் வாய்க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவன் சொல்லவில்லை. பிடிவாதக்காரன், சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

அடக்கத்தன்று நடந்ததையும் கேட்டீர்கள். உர்சுலா கிள்ளானிலிருந்து காலை ரயிலில் தன் அப்பாவோடு வந்தாள். கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை அவனுக்குப் போட்டிருந்தோம். பெட்டியின் அருகில் வெகுநேரம் நின்றாள். வரிசையின் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள்; பன்னிரண்டு வீட்டாரும். யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்கள் முறை தெரிந்தவர்கள். உர்சுலாதான் என் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. நிம்மதியா தூங்கிட்டான்."

"சொன்னாரு."

கதவோரமாக நின்றிருந்த வள்ளியம்மாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. பெண்கள் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு, உர்சுலாவையும் கடந்து, நேராக என் முன்னால் வந்து நின்றாள். அவள் கன்னத்தை எத்தனை காலைகளில் பார்த்து நான் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்பதை அவள் ஒரு நொடியாவது நினைத்திருக்கலாம்.

"பலகைக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டேன். புதன்கிழமை, மத்தியானச் சங்கு ஊதினதுக்கு அப்புறம். 'நான் கிள்ளானுக்குப் போகலக்கா, எங்கயும் போகல, உங்க கூடவே இருக்கேன், எடுத்துடுங்க'ன்னாரு. மூணு தடவ சொன்னாரு. எனக்கே கேட்டுச்சு, டீச்சரம்மா."