எண்பத்து ரெண்டு போதும்

— எண்பத்து நாலு.

— மறுபடியுமா? அண்ணி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— தராசுப் பெட்டியில என்ன நம்பர் எரியுதோ அதைத்தானே பாப்பா நான் சொல்ல முடியும்? எண்பத்து நாலுதான் எரியுது.

— அண்ணா, இறங்கு. செருப்பைக் கழட்டிட்டு மறுபடி ஏறு. பாக்கெட்டுக்குள்ள என்ன, கையை உள்ளேயே வெச்சிருக்கே?

— சாவிக்கொத்து பாப்பா.

— அதை எடுத்து மேசை மேல வை.

— ஒரு கொத்து சாவியில எத்தனை கிலோ போயிடப் போகுது? பழைய பேப்பர் கடைக்காரனுக்கே எடை போடச் சொல்லித் தர்றியே. இந்தா, செருப்பைக் கழட்டிட்டேன், ஏறிட்டேன். என்ன காட்டுதாம்?

— எண்பத்து நாலு.

— கேட்டுக்கிட்டியா? நான் இதுக்கு மேல என்ன செய்ய? காலையில முட்டை வெள்ளைக்கரு. மத்தியானம் உப்பு உறைப்பு இல்லாம வேக வெச்ச காய். ராத்திரி வெறும் தண்ணி. மாடு கூட எங்கிட்ட வந்து பாவம்னு சொல்லிட்டுப் போகும். இந்த உடம்பு அசைய மாட்டேங்குதே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

— உடம்பு அசையலன்னா விடறதுக்கு இது வீம்புக்கு எடை குறைக்கிற சங்கதியா அண்ணா? டாக்டர் உன் எதிர்லதானே சொன்னார். உன் ஈரல்ல கொழுப்பு இருக்கு, எழுபத்தெட்டுக்கு வந்து நின்னா கொழுப்பும் கரைஞ்சிருக்கும், ஈரல்ல பாதியை வெட்டி எனக்கு வெச்சுடலாம்னு. எழுபத்தெட்டுக்கு வந்த அன்னிக்கே போன் பண்ணுங்க, மறுநாள் ஸ்கேன், அடுத்த வாரம் ஆபரேஷன்னு. நான் தினமும் போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்.

— அதைத்தான் சொல்ல வர்றேன், கேளு. அந்த ஆஸ்பத்திரியில சாப்பாடு எழுதிக் குடுக்கிற மேடம் இல்ல, அவங்க தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. டாக்டர் சொன்ன எடையை மனசுலயே வெச்சுக்காதீங்க, அது பயமுறுத்தும். உங்களுக்கு எது முடியும்னு நீங்களே ஒரு எடையை முடிவு பண்ணிக்குங்க, அப்பதான் உடம்பு சொன்னபடி கேக்கும்னாங்க. நான் யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். எனக்கு எண்பத்து ரெண்டு.

— என்னது?

— எண்பத்து ரெண்டு. முதல்ல அங்க போய்ச் சேரணும். சேந்து ஒரு மூணு மாசம் அப்படியே நிக்கணும். அப்புறம் அடுத்ததைப் பாக்கலாம்.

— நீ மூணு மாசம் அங்க நிப்பே. நான் எங்க நிக்கறது?

— அப்படிக் கேட்டா எப்படி பாப்பா?

— வேற எப்படிக் கேக்கறது? எண்பத்து ரெண்டு யாருக்குப் போதும்? உனக்குப் போதும். உன் சட்டைக்குப் போதும். என் வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு நிக்குதே, அதுக்குப் போதுமா?

— சரி, எண்பத்து ஒண்ணுன்னு வெச்சுக்குவோம்.

— பேரம் பேசறியா?

— பேரம் இல்ல, சத்தியமா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— ஈரமா இருக்கு, கழிவு போக இவ்வளவுதான் தருவேன்னு அட்டைப்பெட்டி கொண்டு வர்றவங்ககிட்ட பேசுவியே, அதே குரல். சின்ன வயசுலேர்ந்து கேட்டுப் பழகின குரல் அண்ணா. என்னையும் மூட்டை கட்டி தராசு மேடையில வெச்சுட்டே.

— பாப்பா, முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காரு. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு.

— நான் நிக்கறேன் அண்ணி. உங்க கரிசனத்தை சமையல்கட்டுல காட்டியிருந்தா நான் இங்க வந்து நின்னிருக்கவே வேணாம். பகல்ல வேக வெச்ச காய், சரி. எல்லாரும் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கிட்டு என்ன ஊட்டறீங்க இவருக்கு?

— ஊட்டினா வாங்கிக்கிட்டா தேவலையே. தட்டை அப்படியே நகத்திட்டு எந்திரிச்சுப் போறார். தூக்கமும் கெடையாது. விடிய விடிய கூரையைப் பாத்துக்கிட்டு...

— நீ கொஞ்சம் சும்மா இருக்கியா? உன்னை யார் கேட்டா?

— அவங்களை ஏன் அதட்டறே? சாப்பிடறதில்லைங்கறாங்க, தூங்கறதில்லைங்கறாங்க. அந்த பெல்ட்டைக் காட்டு. இந்தப் பக்கம் திரும்பு அண்ணா. ஆணி வெச்சு அடிச்ச ஓட்டை, இன்னும் ஓரம் கூட மழுங்கல. இது எப்போ போட்டது?

— அது பழசு. தோல் பெல்ட் இழுத்துக்கிட்டே போகும்.

— கன்னத்து எலும்பும் இழுத்துக்கிட்டுதா? கண்ணாடி பாக்கறியா இல்லையா? என்னை விட நீதான் சீக்காளி மாதிரி இருக்கே. ஆனா தராசுல ஏறினா மட்டும் எண்பத்து நாலு. ஆஸ்பத்திரிக்கு வந்து அங்க ஏறுன்னா கடையை விட்டு நகர முடியாதுங்கறே. தள்ளு, நான் ஏறறேன்.

— வேணாம் பாப்பா, மேடை வழுக்கும். விழுந்து கிழுந்து வெச்சா...

— ஏறிட்டேன். அண்ணி, என்ன எரியுது?

— கால் வலிக்கும், இறங்கிடு பாப்பா.

— அண்ணி.

— அம்பத்தொண்ணு.

— காலையில ஆஸ்பத்திரியில நாப்பத்து மூணு. நேரா அங்கேர்ந்துதான் வர்றேன். வழியில தண்ணி கூட குடிக்கல.

— உனக்குத்தான் உடம்புல தண்ணி சேருதே பாப்பா. அது ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும்.

— ஆட்டோல வர்ற நேரத்துல எட்டு கிலோ ஏறுமா?

— அப்ப ஆஸ்பத்திரி மெஷின் தப்பா இருக்கும்.

— ஆஸ்பத்திரி மெஷின் தப்பு, பழைய பேப்பர் கடை தராசு சரி. அப்பா உயிரோட இருந்து இதைக் கேட்டிருந்தா அவரே சிரிச்சிருப்பார். நான் இந்தக் கடையில வளந்தவ அண்ணா. இந்த மேடை ஜனங்ககிட்ட வாங்கறப்ப கொறைச்சுக் காட்டும், மில் லாரிக்கு ஏத்தறப்ப கூட்டிக் காட்டும். மேசைக்கு அடியில ஒரு பட்டன் வெச்சு அப்பா காலால மிதிப்பாரே, மறந்துட்டியா? இன்னிக்கு லாரி வரல. பின்ன என்னை எதுக்குக் கூட்டிக் காட்டுது?

— இப்ப... இப்ப மாறிடுச்சு பாப்பா.

— என்ன மாறிடுச்சு?

— நாப்பத்து மூணு எரியுது.

— நான் இன்னும் இறங்கவே இல்லையே அண்ணி. விரலைக் கூட அசைக்கல. எட்டு கிலோவும் எங்க போச்சு?

— எனக்கென்ன தெரியும்?

— உங்களுக்குத் தெரியாதா? பெட்டிக்கு எதிர்ல உக்காந்திருக்கறது நீங்க. மேசைக்கு அடியில கால் நீட்டியிருக்கறது நீங்க. நான் கேட்ட உடனே பயந்துபோய் பட்டுனு காலை எடுத்துட்டீங்க, அது நாப்பத்து மூணுக்கு வந்துடுச்சு. இரு அண்ணா, கணக்கு சொல்றேன். எனக்கு எட்டு கூட்டினா உனக்கும் எட்டு. எண்பத்து நாலுல எட்டு போனா எழுபத்தாறு. எழுபத்தாறு அண்ணா. நீ எப்பவோ எழுபத்தெட்டைத் தாண்டி வந்துட்டே. எனக்குத் தர்றதுக்காகப் பட்டினி கெடந்து, கன்னம் ஒட்டி, எண்பத்து ரெண்டுக்காவது வர முடியுமான்னு ஏங்கிக்கிட்டு நிக்கறே. இவங்க எதிர்ல உக்காந்துக்கிட்டு தினமும் உன்னை எண்பத்து நாலுல கட்டிப் போட்டு வெச்சிருக்காங்க.

— பாப்பா, நீ உக்காரு, மூச்சு வாங்குது. நிதானமாப் பேசலாம்.

— எதை நிதானமாப் பேசறது? சொந்தக்காரங்க அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னப்ப, நான் தர்றேன்னு முதல்ல கையைத் தூக்கினது என் அண்ணன். அன்னிலேர்ந்து உன் பேரைச் சொன்னாலே எல்லாரும் கும்பிடறாங்க. அப்ப இவங்களும் பக்கத்துலதான் நின்னாங்க. வேணாம்னு சொல்ல வாய் வரல. எனக்குப் பயமா இருக்கு, என் புருஷனை அறுக்க விட மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், ஆனா மன்னிச்சிருப்பேன். வேற வழியாவது தேடியிருப்பேன். வாயால சொல்ல தைரியம் இல்லாம தராசை விட்டுச் சொல்ல வெச்சாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

— பாப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி. அண்ணா, நீ கேளு இவங்களை.

— நான் என்னத்தைக் கேக்க?

— கேளு. என் எதிர்லயே கேளு.

— ஏன்... ஏன் இப்படிப் பண்ணே?

— நானா?

— பெட்டிக்கு எதிர்ல வேற யார் உக்காந்திருக்கா?

— என் முகத்தைப் பாத்துக் கேளுங்க. தரையைப் பாத்துக் கேக்காதீங்க.

— ஏன் பண்ணேன்னு கேக்கறேன் இல்ல? பதில் சொல்லு.

— நல்லது. என் பேர்லயே எழுதியாச்சு. சரி விடுங்க, நான்தான் பண்ணேன்னு இருக்கட்டும். போதுமா?

— எவ்வளவு சுலபமா வருது பாரு. ஒரு உயிர் போற காரியம், போதுமாங்கறாங்க. அண்ணி, நான் பொழைச்சு எந்திரிச்சா உங்க வாசல்ல கால் வைக்க மாட்டேன். பொழைக்கலன்னா நீங்க வந்து என் தலைமாட்டுல உக்காந்து அழக் கூடாது. இதை என் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

— விடு பாப்பா. பொம்பளை, ஏதோ பயத்துல புத்தி தடுமாறிட்டா. எங்க பொண்ணு வேற சின்னவளா இருக்காளா, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சிருப்பா. நீ மனசுல வெச்சுக்காதே. எனக்காக மன்னிச்சுடு.

— உன்னைச் சொல்லணும். உனக்கு இவ்வளவு பண்ணவங்களுக்கு நீயே பரிஞ்சு பேசறே. இதனாலதான் அண்ணா உன்னை எல்லாரும் ஏமாத்தறாங்க.

— ஆமா பாப்பா, உங்க அண்ணனுக்கு ரொம்ப இளகின மனசு. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

— கிண்டல் வேறயா? சரி, பேசினது போதும். அண்ணா, நீ மேடையில ஏறு. கூட்டாம கொறைக்காம என்ன எரியுதுன்னு நான் என் கண்ணால பாக்கறேன். பாத்துட்டு இங்கேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போடு.

— இப்பவேவா? இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே. எழுபத்தாறு நெலைச்சு நிக்குதான்னு பாத்துட்டு...

— நிக்குதான்னு ஸ்கேன்ல அவங்க பாத்துக்குவாங்க. நீ ஏறு. அண்ணி, கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. அந்த பட்டனை நான் பிடுங்கி சாக்கடையில போடறேன். எங்க, மேசைக்கு அடியில ஒண்ணையும் காணோமே? ஒயர் கூட இல்ல. எங்க ஒளிச்சு வெச்சீங்க?

— மேசைக்கு அடியில இருந்ததெல்லாம் மாமா காலத்தோட போச்சு பாப்பா. இப்பல்லாம் ரிமோட்தான், தூர நின்னுக்கிட்டே அமுக்கலாம்.

— அப்ப அந்த ரிமோட்டைக் குடுங்க.

— எங்கிட்ட ஏது? உங்க அண்ணன் பாக்கெட்டுலேர்ந்து கையை எடுக்கச் சொல்லு, சாவிக்கொத்துல கருப்பாத் தொங்கும்.