வாசல்ல கட்டுன ஃப்ளெக்ஸ்

நன்கொடை குடுக்குற பெரியவங்க இவ்வளவு பேரு முன்வரிசையில உக்காந்திருக்கீங்க... உங்களுக்குன்னே ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்குங்க.

ஒரு ஊர்ல ஒரு வாடகை வீடு. அதுல ஏழு பொண்ணுங்க. வேலை வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போயி, வித்து, அடைச்சு வச்சு, அங்க இருந்து மீட்டுக்கொண்டு வந்த பொண்ணுங்க. அவங்களப் பாத்துக்கிட்டது பிலோமினா டீச்சர். அக்கம்பக்கத்துல கேட்டா டீச்சர் என்ன சொல்வாங்க தெரியுமா? இங்க தையல் கிளாஸ் நடக்குதும்பாங்க. ஏன் அப்படிச் சொல்லணும்? வித்தவன் ஜாமீன்ல வெளியிலதான் சுத்துறான். அந்த வீடு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியக்கூடாது... தெரியவே கூடாது.

அந்த ஏழு பேர்ல அஞ்சலைன்னு ஒருத்தி. பத்தொம்பது வயசு. அடுத்த மாசம் அவ கோர்ட்டுல நின்னு, 'இவன்தான் என்னை வித்தான்'னு கை நீட்டிக் காட்டணும். அவ கேஸுக்கு வேற சாட்சி கிடையாது. கண்ணாடி முன்னாடி நின்னு அந்த ஒரு வரியையே சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவாளாம்.

அந்த நேரம் பாத்து, வந்துக்கிட்டிருந்த நிதி நின்னுபோச்சு. வீட்டுக்காரர் காலி பண்ணுங்கன்னுட்டார். டீச்சர் ஏறாத படி இல்ல. கடைசியில ஒரு ஜவுளிக்கடை முதலாளி, ஒரு வருஷ வாடகை நானே தர்றேன்னார். நல்ல மனசுதான்... நான் இல்லேங்கல. ஆனா வந்தவர் தனியா வந்தாரா? பன்னெண்டு பேரு, ரெண்டு கேமரா, வாசல் அகலத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். 'கடத்தலில் மீட்கப்பட்ட பெண்கள் இல்லம், வாடகை உபயம்'னு போட்டு அவர் படம், அவர் பிள்ளைங்க படம்.

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "ஐயா, உங்க பேரை நாங்க தினம் ஜெபத்துல சொல்றோம். வாசல்ல மட்டும் வேணாம்யா."

அவர் சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "ஏம்மா, ஒரு வருஷ வாடகை தர்றவன் ஒரு நாள் பேர் போட்டுக்கக் கூடாதா?"

ஒரு நாள்கூட அது தொங்கல. அவர் கார் தெருமுனை திரும்புறதுக்குள்ள டீச்சரே ஸ்டூல் போட்டு ஏறி அவுத்துட்டாங்க. ஆனா போட்டோ? தெருப் பேரோட, கதவு நம்பரோட ஊரு பூரா வாட்ஸ்அப்புல போயாச்சு.

அஞ்சாம் நாள்... வாசல்ல ஒருத்தன். கையில ஒரு பை ஆப்பிள். ரொம்ப மரியாதையாப் பேசுறான். "அஞ்சலைக்கு நான் சித்தப்பா முறைங்க. ஊர்ல அதோட தங்கச்சி நல்லாத்தான் இருக்குது... இப்ப எட்டாவது படிக்குது. நான் விசாரிச்சேன்னு மட்டும் சொல்லிடுங்க."

டீச்சர் போலீசுக்குச் சொன்னாங்க. அன்னிக்கே பொண்ணுங்கள வேற ஊருக்கு மாத்துனாங்க. என்ன பிரயோஜனம்? கதவுக்குப் பின்னாடி நின்னு அஞ்சலை எல்லாத்தையும் கேட்டுட்டா.

கோர்ட்டு நாள் வந்துச்சு. வக்கீல் கேக்குறார்: "இவரை உனக்குத் தெரியுமாம்மா?" அவ அவனப் பாத்தா... தரையப் பாத்தா...

"தெரியாதுங்க."

விடுதலை ஆயிட்டான். இப்ப வேற ஏதோ கிராமத்துல, மில்லு வேலைக்குப் பொண்ணு இருக்கான்னு கேட்டுக்கிட்டுத் திரியறானாம்.

எனக்குக் கோவம் வருதுங்க. அவன் மேல வர்றதவிட நம்ம மேல கூடுதலா வருது. அவன் பாவம்னு தெரிஞ்சு செய்யறான். நாம புண்ணியம்னு நெனச்சுல்ல செய்யறோம்? இன்னிக்குக் காலையில உங்கள்ல ஒருத்தர் என்கிட்ட கேட்டார்... நீங்க உதவுற இல்லத்துப் பொண்ணுங்கள்ல ரெண்டு பேரை மேடையேத்தி ரெண்டு வார்த்தை பேச வைக்கலாமேன்னு. அவருக்கும் சேத்துத்தான் சொல்றேன். கோயில் டியூப் லைட்டுல உங்க பேரை எழுதுங்க, வெளிச்சம்தான் குறையும். இந்த மாதிரி வீட்டு வாசல்ல எழுதுனா ஒரு பொண்ணோட வாய் அடைச்சுப்போகும். வாடகை குடுங்க. அரிசி குடுங்க. கேஸ் முடியுற வரைக்கும் வருஷக்கணக்கா, நிறுத்தாம குடுங்க. குடுத்துட்டு, பேசாம வீட்டுக்குப் போங்க. இந்த விஷயத்துல வெளியில வரவேண்டிய பேரு ஒண்ணே ஒண்ணுதான்... அது வித்தவன் பேரு.