கடைமடைக்கு வந்த நல்ல தண்ணீர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீரில் தூசி கிடந்தால் ஆகாது. டம்ளரில் ஒரு முடி மிதந்தாலும் கொட்டிவிட்டு வேறு மொண்டு வரச் சொல்வேன். வீட்டில் கேலி செய்வார்கள். இந்த ஸ்டேஷனில் நீங்கள் வைத்த தண்ணீரையும் நான் தொடவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார்.

எங்கள் நல்லாம்பதிதான் வாய்க்காலின் கடைசி ஊர். மேலே கரட்டுப்பதி. இரண்டு ஊருக்கும் தனித்தனி நீர்ச் சங்கம். எங்கள் சங்கத்துக்கு நான் தலைவர். மேலூர்க்காரர்கள் கோழிப்பண்ணைக் கூடைகளை வாய்க்காலில்தான் அலசுவார்கள். இறகும் குடலும் பிள்ளைகளின் டயப்பரும் எங்கள் மடையில் வந்து தேங்கும். அந்தத் தண்ணீரில் இறங்கி என் பேத்தி தமிழ்ப்ரியாவுக்கு முழங்கால்வரை புண். மருந்து போடும்போது கத்துவாள். எனக்கு மேலூர்க்காரர்களை நினைத்தாலே குமட்டும்.

அப்போதுதான் அரசு சட்டம் வந்தது. ஒரே வாய்க்காலில் பாயும் சிறு சங்கங்களை ஒன்றாக்கிவிடலாம். இரண்டு ஊர் உறுப்பினர்களும் ஒரே பொதுக்குழுவில் கூடி, வந்தவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். இணைந்துவிட்டால் வாய்க்கால் முழுக்க ஒரே நிர்வாகம். குப்பை கொட்டுகிறவனுக்குத் தண்ணீரை நிறுத்தலாம். கெடு முடியப்போகிற சமயம். பாலக்காட்டிலிருந்து அதிகாரி தேதியும் இடமும் அறிவித்துவிட்டார். தண்ணீர் வழக்கெல்லாம் எப்போதும் பேசுகிற மாரியம்மன் கோயில் மண்டபம்தான் இடம்.

கரட்டுப்பதியில் பெரும்பாலும் ஒரே குலத்துப் பங்காளிகள். ஆள் கணக்கில் எங்களைச் சுலபமாகத் தோற்கடித்துவிடுவார்கள். ஆனால் அவர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கருமாதி முடியும்வரை அத்தனை வீட்டுக்கும் தீட்டு. ஒருவரும் கோயில் படியை மிதிக்க மாட்டார்கள். அது நான் உண்டாக்கியதில்லை. அவர்கள் வழக்கம்.

அந்தக் குலத்தில் இணைப்பு வேண்டும் என்று சொன்னவர் ஆறுச்சாமி ஒருவர்தான். எனக்கு மச்சான் முறை. "நாம கழுவி ஊத்தறதை அவங்க குடிக்கோணுமா? நல்லாவா இருக்குது?" என்று தன் பங்காளிகளை முகத்துக்கு நேரே கேட்டு, அவர்களோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனவர். என் வீட்டுக்கு வந்து மோர் குடிக்கும் ஒரே கரட்டுப்பதிக்காரர். மற்றவர்கள் என்னை அண்டவே விடமாட்டார்கள். இவர்தான் கூப்பிட்டால் வருவார்.

கூப்பிட்டேன். மடையில் அடைப்பு என்றேன்.

"ஏனுங்க மச்சான், இதுக்குப் போயி ஆளைத் தேடீட்டு இருக்கறீங்க? நானே எடுத்துப் போடறனுங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெறும் கையால் அந்த அசிங்கத்தை அள்ளி அள்ளிக் கரையில் போட்டார். எங்கள் ஊர்க்காரனே செய்யாத வேலை. அவர் நன்றாகக் குனிந்தபோது நான் பின்னால் இறங்கிப் பிடரியில் கால் வைத்தேன். கொஞ்ச நேரம் திமிறினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கெண்டைக்காலில் வந்து ஒட்டிய ஈர இறகுகளைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சோப்பு கரையும்வரை தேய்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பொதுக்குழு அன்று பங்காளிகள் கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்று கத்தினார்கள். ஒருவர் படியேறியிருந்தால் போதும், மற்றவர்களும் ஏறியிருப்பார்கள். யாரும் ஏறவில்லை. மண்டபத்துக்குள் இருந்த கைகளை மட்டும் அதிகாரி எண்ணினார். இரண்டு சங்கமும் ஒன்றானது.

ஆறுச்சாமியின் மனைவி கமலாத்தாளும் வந்திருந்தாள். புருஷன் செத்த ஈரம் காயாமல் பெண்கள் வாசல் தாண்டுவதில்லை. இவள் தாண்டி வந்து, பங்காளிகளுக்கு நடுவே நின்று, எங்கள் பக்கம் கை தூக்கிக்கொண்டே இருந்தாள். எண்ணிக்கையில் சேராது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் வெளியே வந்ததும், "அவரு ஆசைப்பட்டது நடந்துருச்சுங்கண்ணா" என்றாள். மூக்கைச் சிந்திய கையாலேயே என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவினேன்.

இப்போது வாய்க்காலில் தண்ணீர் தெளிவாக வருகிறது. தமிழ்ப்ரியாவின் புண் ஆறிவிட்டது. என் மேல் யாருக்கும் சந்தேகமில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். ஏனென்றால், ஆறுச்சாமி குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்து செத்தார் என்று கள்ளுக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனிதர். அவரைப் பற்றி இப்படிப் பேச எப்படி வாய் கூசாமல் இருக்கிறது, சார்? கேட்டதிலிருந்து எனக்கு அருவருப்பு தாங்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். ஆறுச்சாமியைக் கொன்றது நான். ஆனால் அவர் விருப்பத்துக்கு மாறாக நான் எதுவும் செய்துவிடவில்லை. இருந்திருந்தால் எங்களுக்குத்தான் கை தூக்கியிருப்பார். அந்த ஒரு ஓட்டைப் போட விடாமல் செய்துவிட்டேன். என் மேல் குற்றம் என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும்.